நிலத்தடி நீர் வியாபாரம்: வணிகர்களே, முடிவு நம் கையில்!

(இராஜபாளையத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரச் சகோதரர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே வெளியிடுகிறோம்.)



நிலத்தடி நீரை உறிஞ்சி விற்பதை எதிர்த்துப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மளிகைக் கடைக்காரன். என் கடை வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே குளிர்பானப் பெட்டி இருக்கிறது. ஆகவே குற்றவாளிகள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள், நாமெல்லாம் பாதிக்கப்பட்டவர்கள் என்று பேச எனக்கு வாயில்லை. அப்படிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது.

என் அத்தா கடை நடத்திய காலத்தில் அதே வாசலில் ஒரு மண்பானை இருந்தது. பக்கத்தில் ஓர் அலுமினியக் குவளை. சந்தைக்கு வருபவர், சுமை இறக்குபவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் குடித்துவிட்டுப் போவார்கள். யாரும் காசு கேட்டதில்லை. பானை இருந்த இடத்தில் இன்று கேன் இருக்கிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது, இதில் நம் பங்கு என்ன என்பதைத்தான் இன்று சிந்திக்க வேண்டும்.

நம் மண்ணின் நிலைமை

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மேற்கே மலை இருக்கிறது. அந்த மலைதான் நமக்கு உயிர். அய்யனார் கோயில் ஆற்றுத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வந்து இராஜபாளையத்தின் தாகம் தீர்க்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணை. சேத்தூர், தேவதானம் பக்கம் சாஸ்தா கோயில் அணை. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. மலையில் மழை பெய்தால் ஓடைகளில் தண்ணீர் வரும்; கண்மாய் நிறையும்; கண்மாய் நிறைந்தால் அதைச் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும். நம் முன்னோர் கண்ட ஏற்பாடு இதுதான்.

மண்ணுக்கு அடியில் இருப்பதோ கடினப் பாறை. ஆற்றங்கரை ஊர்களில் இருப்பதைப் போல ஆழமான மணற்படுகை நமக்கு இல்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கு. அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகள். மழைநீர் இறங்கித் தங்குவது இந்த இரண்டில்தான். ஒருவர் 1,000 அடிக்குக் குழாய் இறக்கி இரவும் பகலும் இறைத்தால், அது அவர் நிலத்துத் தண்ணீர் மட்டுமல்ல. அந்த வெடிப்பு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் உள்ள தண்ணீர் அவர் மோட்டாருக்கு வந்து சேருகிறது. 60 அடிக் கிணறு வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் மாங்கன்றுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் நிற்கிறார். அவர் வீட்டுக்குள் யாரும் புகவில்லை, பூட்டை உடைக்கவில்லை. ஆனாலும் அவர் பொருள் போய்விட்டது!

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர் தன் நிலத்துக்குள் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்து அதில் இருக்கிறது. கமலை கட்டி மாட்டை வைத்து இறைத்த காலத்துக்கு அது சரி. மாடு களைத்துப்போனால் இறைப்பு நின்றுவிடும். மோட்டார் களைப்பதில்லையே! தமிழ்நாட்டில் 2003-இல் நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள். அது நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டது. பிறகு 2014-இல் வந்த அரசாணை, வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பவர் அனுமதி பெற வேண்டும் என்றது. 2018 அக்டோபர் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியின்றி வணிகத்துக்காக நிலத்தடி நீரை எடுப்பது திருட்டு என்றும், அவ்வாறு எடுப்பவர் மீது குற்ற வழக்குப் பதிவு செய்யலாம் என்றும் தீர்ப்பளித்தது. திருட்டு என்ற சொல் நான் சொன்னதல்ல, நீதிமன்றம் சொன்னது. இந்தச் சொல்லை நம்மில் தண்ணீர் வியாபாரம் செய்வோர் மனத்தில் நிறுத்த வேண்டும்.

பிளாச்சிமடை சொல்லும் பாடம்

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பார்ப்போம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிப் பெருமாட்டி ஊராட்சி இருக்கிறது. அதிலுள்ள சிற்றூர் பிளாச்சிமடை. அங்கே 2000-ஆம் ஆண்டில் கோக்கோ கோலா நிறுவனம் ஆலை தொடங்கியது. ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டர் எடுத்தது. இரண்டே ஆண்டுகளில் சுற்றியிருந்த கிணறுகள் வற்றின. மிஞ்சிய கிணறுகளில் தண்ணீர் கடுத்து, குடிக்கவும் சமைக்கவும் உதவாமல் போயிற்று. ஆலைக் கழிவை உரம் என்று சொல்லி உழவர்களுக்குக் கொடுத்தார்கள். 2003-இல் பி.பி.சி. வானொலி அதைச் சோதனைக்கு அனுப்பியபோது ஈயமும் காட்மியமும் இருப்பது தெரிய வந்தது.

எதிர்த்து முதலில் நின்றது யார்? பெரிய கட்சியா? பணம் படைத்தவர்களா? இல்லை! கூலி வேலைக்குப் போகும் ஆதிவாசிப் பெண்கள். எரவாளர் இனத்தைச் சேர்ந்த மயிலம்மா என்ற எழுத்தறியாத தாய் அவர்களுக்கு முன்னின்றார். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஓர் ஆண்டு கழித்துப் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஒரு சிறிய ஊராட்சி, உலகப் பெரும் கம்பெனியைப் பார்த்து 'முடியாது' என்று சொன்னது!

வழக்கு நீதிமன்றம் போனது. 2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அதை அரசு பாதுகாக்க வேண்டும், தனியார் அளவின்றி எடுக்க உரிமை இல்லை என்றார். 2005 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் ஆலை ஓடவில்லை. 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி நின்றதுதான். ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த நிறுவனமே, பிளாச்சிமடையில் மீண்டும் ஆலையை நடத்தும் எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். மக்களுக்கு ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய் என்று 2010-இல் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு கணக்கிட்டது. அதைப் பெற்றுத் தர 2011-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே இறந்துவிட்டார். ஆனால் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது. நீதிமன்றம் ஒருநாள் இப்படிச் சொல்லும், ஒருநாள் அப்படிச் சொல்லும். உள்ளூர் மக்கள் உறுதியாக நின்றால் மோட்டார் நிற்கும்.

கங்கைகொண்டானும் நம் கடைகளும்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் சிப்காட் தொழில் வளாகம் இருக்கிறது. அங்கே கோக்கோ கோலாவுக்குப் பானம் தயாரித்துக் கொடுக்கும் ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கப்பட்டது. இது நிலத்தடி நீர் அல்ல, ஆற்று நீர். ஆனாலும் கதை ஒன்றுதான். 2005 முதலே மக்கள் எதிர்த்தார்கள். முதலில் நாளுக்கு 5 லட்சம் லிட்டர் என்றிருந்தது, பிறகு 9 லட்சம் லிட்டராக உயர்ந்தது. 2016-இல் வழக்கு நடந்தபோது விலை என்ன தெரியுமா? 1,000 லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு!

வணிகர்களே, நாம் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். லிட்டருக்கு நாலு காசுகூட ஆகவில்லை. 9 லட்சம் லிட்டருக்கும் சேர்த்து நாளைக்கு 33,750 ரூபாய். கிராமத்தில் ஆளுக்கு 55 லிட்டர் என்பது அரசின் குடிநீர்த் திட்ட அளவு. அந்த அளவில் 16,000 பேருக்கு மேல் ஒருநாள் கொடுக்கக்கூடிய தண்ணீர் அது. நம் கடையில் ஒரு மூட்டைச் சர்க்கரையை இந்த விலைக் கணக்கில் விற்றால் வீட்டில் நம்மைச் சும்மா விடுவார்களா? ஊரார் சொத்து என்றால் மட்டும் இப்படி அள்ளிக் கொடுக்கலாமா? அதே தாமிரபரணித் தண்ணீரைத்தான் நம் நகரமும் குழாயில் எதிர்பார்த்துக் காத்திருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

2016 நவம்பர் 21 அன்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை, குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடை விதித்தது. உபரி நீரைத்தான் கொடுக்கிறோம் என்று அரசுத் தரப்பு வாதாடியது. கடைமடையில் வயல் காயும்போது உபரி என்று ஒன்று எங்கிருந்து வந்தது என்று உழவர்கள் கேட்டார்கள். 2017 மார்ச் 2 அன்று வழக்குகள் தள்ளுபடியாயின, தடையும் நீங்கியது.

அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது? 2017 மார்ச் 1. அந்த ஆண்டு ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்கள், அன்னியக் குளிர்பானம் வேண்டாம் என்றும் முழங்கினார்கள். அந்தக் குரலைக் கேட்டு, திரு. விக்கிரமராஜா தலைமையிலான வணிகர் சங்கங்களின் பேரமைப்பும், மறைந்த திரு. த. வெள்ளையன் தலைமையிலான வணிகர் சங்கப் பேரவையும் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. மார்ச் 1 முதல் தமிழகம் முழுக்கக் கடைகளில் அந்தப் பாட்டில்கள் இறங்கின. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதை எழுதின. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவை மக்கள் கேட்டு வாங்கினார்கள். இளைஞர்கள் முழங்கினார்கள், வணிகர்கள் செய்து காட்டினார்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த மாதமே சாட்சி.

பிறகு என்ன ஆயிற்று? சில மாதங்களில் பல கடைகளுக்கு அந்தப் பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. என் கடைக்கும் வந்தது. ஏன்? குளிர்பானப் பெட்டியைக் கொடுத்தது கம்பெனி. வேறு பானத்தை அதில் வைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்துக் கடையில் விற்கிறான்; வாடிக்கையாளர் அங்கே போகிறார்; பானம் வாங்கப் போனவர் பருப்பும் அங்கேயே வாங்குகிறார். தனி ஒரு கடைக்காரனால் இதைத் தாங்க முடியாது. நாம் தோற்றது இந்த இடத்தில்தான். அறிவித்தது சங்கம், நட்டம் தாங்கியது தனிக்கடை. ஒரே தெருவில் உள்ள எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தால் நிலைத்திருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனியின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. உள்ளூர் பானமும் தண்ணீரில்தான் தயாராகிறது. எவன் எடுக்கிறான் என்பதோடு, எவ்வளவு எடுக்கிறான், எங்கே எடுக்கிறான், யார் அனுமதித்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வெள்ளைக்காரன் எடுத்தால் கொள்ளை, நம்மவர் எடுத்தால் தொழில் என்றால், அதற்குப் பெயர் நியாயம் அல்ல.

ரூமாக் கிணறு

மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. நல்ல தண்ணீர் தரும் கிணறு. அதன் சொந்தக்காரர் தண்ணீரை விலைக்கு விற்று வந்தார். ஏழைகள் தவித்தார்கள். அதை வாங்கி மக்களுக்கு விட்டுவிடுபவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். முன்வந்தவர் உஸ்மான் (ரலி). அவர் யார்? வணிகர்! நம்மைப் போல் வாங்கி விற்றவர்.

அவர் முதலில் கிணற்றில் பாதியை வாங்கினார் என்று வரலாற்று நூல்களில் வருகிறது. ஒருநாள் இவருடையது, மறுநாள் அவருடையது. உஸ்மான் (ரலி) தம் நாளில் இலவசமாகக் கொடுத்தார்கள். மக்கள் அன்றைக்கே இரண்டு நாளைக்குத் தேவையான தண்ணீரைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் விற்பவர் வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார். மீதிப் பாதியையும் அவரே விற்றுவிட்டார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வாங்க ஆளில்லாத நாள் ஒன்று வந்தது, தண்ணீர் வியாபாரம் முடிந்தது. வணிகர்களுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் எது?

நம்மவர் கேள்வி

கூட்டம் தொடங்குமுன் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். டிராக்டரில் தண்ணீர்த் தொட்டி வைத்து ஓட்டுகிறார். "பாய், வண்டிக் கடன் இருக்கிறது. மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் நிறுத்தினால் என் குடும்பத்துக்கு யார் பதில்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையிலிருந்து இறங்கக் கூடாது.

சகோதரரே! குடிக்கத் தண்ணீர் இல்லாத தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வேறு. ஆலைக்கும் பாட்டில் கம்பெனிக்கும் லாரி லாரியாக ஏற்றிவிடுவது வேறு. முன்னது ஊருக்குச் செய்யும் உதவி, அதற்கு வண்டிக் கூலி வாங்குவதில் தவறில்லை. பின்னதில் நீங்கள் விற்பது உங்கள் பொருள் அல்ல. விவசாயத்துக்கென்று அரசு கொடுக்கும் இலவச மின்சாரத்தில் இறைத்து ஆலைக்கு விற்றால் தண்ணீரும் ஊருடையது, மின்சாரமும் ஊருடையது. காசு மட்டும் உங்களுடையது. இந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமா என்பதை உங்கள் மனசாட்சியிடமே விட்டுவிடுகிறேன். அதே சமயம், அவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் அதுவும் அநியாயம். அவர் வேறு சரக்கு ஏற்றப் போனால் முதல் வாடகையை நம் வணிகர்கள் கொடுக்க வேண்டும். என் கடைச் சரக்கை அவர் வண்டியில் ஏற்ற நான் இங்கேயே சம்மதிக்கிறேன்.

செய்ய வேண்டியவை

வணிகர்களுக்கு முதலில் சொல்கிறேன். உங்கள் கடைக்குக் கேன் போடுபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஊர்க் கிணற்றில் எடுக்கிறீர்கள்? நிலத்தடி நீர் எடுக்க அனுமதி உண்டா? உணவுப் பாதுகாப்பு உரிமம் உண்டா? தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் வாங்காதீர்கள். ஒரே தெருவில் உள்ள கடைக்காரர்கள் எந்த மதத்தவராயினும் கூடி உட்கார்ந்து சேர்ந்து முடிவெடுங்கள். 2017-இல் செய்த தவறை மறுபடி செய்ய வேண்டாம். கடை வாசலில் பானையைத் திரும்ப வையுங்கள். பானை வைத்த கடைக்கு ஆள் வராமல் போகாது.

இளைஞர்களே! ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. நம்மில் எத்தனை பேர் போகிறோம்? பெருமாட்டி ஊராட்சி உரிமத்தை மறுக்க முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் ஊர் நின்றது. உங்கள் ஊரில் வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுக்க யார் யாருக்கு, எவ்வளவுக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும் கிராம சபையில் வாசியுங்கள். ஆத்திரப்பட்டு வண்டியை மறிப்பதால் வழக்குத்தான் வரும். தாளோடு போங்கள், விவசாயிகளோடு சேர்ந்து போங்கள். மலையடிவாரத் தோட்டக்காரரும் கண்மாய்ப் பாசனக்காரரும் நமக்கு முன்பே இந்தப் பாரத்தைச் சுமக்கிறார்கள். இது ஒரு சமுதாயத்தின் பிரச்சினை அல்ல. பாறை வெடிப்பில் ஓடும் தண்ணீர் சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஐந்து வேளை ஒளுச் செய்யும் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் வீண் செய்யாதே என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்! அந்தத் தண்ணீரைப் பள்ளிவாசல் தோட்டத்துக்குத் திருப்புங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நம் பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபக் கூரைகளில் விழும் மழை தொட்டிக்குப் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஊரைப் பார்த்துக் கேட்பதற்கு முன் நம் வீட்டைச் சரிசெய்வோம்.

சகோதரர்களே! பிளாச்சிமடையில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் ஆரம்பித்தார். மதீனாவில் ஒரு வணிகர் முடித்து வைத்தார். இங்கே இருவரும் இருக்கிறீர்கள்: ஆரம்பிக்க இளைஞர்கள், முடித்து வைக்க வணிகர்கள். நாளைக் காலை கடை திறக்கும்போது அந்த மூன்று கேள்விகளையும் நான் என் கடையில் கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள். தண்ணீரை விற்பவர் வாங்க ஆளில்லாமல் உட்காரும் நாள் நம் ஊரிலும் வரட்டும்.

வல்ல இறைவன் நம் எண்ணத்தையும் செயலையும் சீராக்குவானாக. வஸ்ஸலாம்.